கலக்சிக்குள் காற்றைப் புகுத்தியவர்

கலாநிதி ரமணன் பொய் சொன்னார். ஆண்டு மாநாட்டில், மேடையில் நின்று, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "புரோகிராமில் முன்னர் இருந்த கோளாறு திருத்தப்பட்டுவிட்டது" என்றார். புரோகிராமில் கோளாறு இருக்கவில்லை. அது அவருக்குத் தெரியும். அந்தப் புரோகிராமை எழுதியவள் நான். மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். வாய் நிறைய மீன் பட்டிஸ் இருந்ததால் உடனே எழும்பிக் கதைக்க முடியவில்லை.

இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. "இந்தத் துறைக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்குப் பிரயோசனமா உங்கட வேலை அனுபவத்தை எழுதித் தாங்கோ அக்கா. கோபப்படாமல் எழுதுங்கோ" என்றார். பிரயோசனமாக எழுதுகிறேன். மற்றதற்கு நான் பொறுப்பில்லை.

1. தொலைகாட்டி இல்லாத வானியல்

எங்கள் ஆய்வுப் பிரிவு பம்பலப்பிட்டியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே சாரிக் கடை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "தொலைகாட்டி எங்கே?" என்றுதான். இல்லை. கொழும்பு வானத்தில் நிலவைப் பார்க்கவே அதிர்ஷ்டம் வேண்டும். வெளிநாட்டுத் தொலைகாட்டிகள் எடுக்கும் பதிவுகளைச் சில காலம் கழித்து உலகத்துக்கே திறந்துவிடுவார்கள். அவற்றை இறக்கி வைத்துக்கொண்டு கணினியில் வேலை செய்கிறோம். இத்தனை வருடத்தில் நான் தொலைகாட்டிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தது ஒரே ஒரு தடவை. பள்ளிக்கூடக் கண்காட்சி ஒன்றில். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த சாரம் தெரிந்தது.

எங்கள் வேலையின் பொருள், மிகத் தொலைவில் உள்ள விண்மீன் கூட்டங்கள். கலக்சி என்போம். ஒவ்வொரு கலக்சியையும் சுற்றி ஐதரசன் வாயு கிடக்கிறது. உள்ளே இருக்கும் சூடான நட்சத்திரங்கள் அதைத் தூண்டிவிட, அது ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒளிவிடும். நிறமாலையில், அதாவது ஸ்பெக்ட்ரத்தில், அது ஒரு கூரான கோடாகத் தெரியவேண்டும். அந்தக் கோட்டுக்கு லைமன் அல்பா என்று பெயர்.

தெரியவேண்டும் என்று சொன்னேன். அப்படித் தெரியாது. வெளியே வருவதற்குள் அந்த ஒளி படாத பாடு படும். வெள்ளவத்தைக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். பின்னேரம் வேலை விடும் நேரம் காலி வீதி நெரிசலில் மாட்டிய ஓட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். நேரே போகவே முடியாது. ஒவ்வொரு ஐதரசன் அணுவும் ஒளித் துணிக்கையை விழுங்கி வேறு திசையில் துப்பும். அடுத்த அணு அதைப் பிடித்து மறுபடி துப்பும். இதைத்தான் சிதறல் என்கிறோம். ஓட்டோக்காரர் என்ன செய்வார்? ஒழுங்கைக்குள் திருப்புவார். கடல் பக்கம் இறங்கினால் மரைன் டிரைவ், மற்றப் பக்கம் போனால் உள்வீதிகள். ஒளியும் அப்படித்தான். தன் அலைநீளத்தைக் கொஞ்சம் நீலப் பக்கமோ சிவப்புப் பக்கமோ நகர்த்திக்கொண்டு தப்பும். அதனால் ஒரு கூரான கோடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மேடு தெரியும். நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று. நடுவே பள்ளம்.

வாயு கலக்சியிலிருந்து வெளியே வீசிக்கொண்டிருந்தால், முன்பக்கத்து வாயு நம்மை நோக்கி வரும். அது நீலப் பக்கத்து ஒளியை விழுங்கும். பொலிஸ்காரர் கடல் பக்கத்து ஒழுங்கைகளை மூடிவிட்டது போல. கூட்டம் எல்லாம் மற்றப் பக்கத்தால் போகும். சிவப்பு மேடு உயரும், பள்ளம் நீலப் பக்கம் சாயும். வாயு உள்ளே விழுந்துகொண்டிருந்தால் எல்லாம் தலைகீழ்: நீல மேடு உயரும், பள்ளம் சிவப்புப் பக்கம் சாயும். இரண்டு அடையாளங்களும் ஒரே கதையைச் சொல்லவேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், மிச்சம் எல்லாம் விளங்கும்.

என் புரோகிராம் அந்தப் போக்குவரத்தைக் கணினிக்குள் நடத்துகிறது. கற்பனைக் கலக்சி ஒன்றுக்குள் இலட்சக்கணக்கான ஒளித் துணிக்கைகளை, அதாவது போட்டன்களை, அவிழ்த்துவிட்டு, ஒவ்வொன்றும் எந்த அணுவில் முட்டுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பகடை போட்டுப் போட்டுத் தொடரும். வெளியே வந்தவற்றைச் சேர்த்தால் ஒரு கோட்டின் வடிவம் கிடைக்கும். அது உண்மைக் கலக்சியின் வடிவத்தோடு பொருந்தும் வரை வாயுவின் அளவையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே போகும். இதை எழுத எனக்குப் பல வருடம் சென்றது. என் கூந்தலில் பாதி அதற்குள் போனது.

2. அடுத்தவர் கறியில் உப்புப் போடுவதில்லை

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒருவர் முடித்துக் கொடுத்ததில் மற்றவர் கை வைப்பதில்லை. தலைவர் கலாநிதி ரமணன் அளப்பார். நான் என் புரோகிராமில் மொடல் ஓட்டுவேன். தர்ஷினி என்ற ஆய்வு மாணவி இரண்டையும் சேர்த்துத் தன் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

ரமணன் அளப்பது என்ன? கலக்சியின் சொந்த வேகம். அதுதான் பூச்சியம். பள்ளம் நீலப் பக்கமா சிவப்புப் பக்கமா என்று சொல்ல, நடு எது என்று தெரியவேண்டுமே. அதை ஒட்சிசனின் கோட்டிலிருந்து எடுப்பார். ஒட்சிசன் ஒளி எதிலும் சிக்காது. நேராக வந்து சேரும். நல்ல ஏற்பாடு. அந்த எண்களை ரமணன் எனக்கு அனுப்பும்போது கூடவே ஒரு வசனம் வரும்: "இதில கை வைக்காதேங்கோ." நானும் அந்த எண்களைப் புரோகிராமுக்குள் ஆணி அடித்து இறுக்கிவிடுவேன்.

ரமணன் கெட்டிக்காரர். அதை மறுக்கமாட்டேன். ஊர் யாழ்ப்பாணம், வீடு வெள்ளவத்தை, என்னைவிட வயதில் இளையவர். மெல்லிய கோட்டைக்கூடப் பதிவின் இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுப்பார். தனக்குப் பிழையே வராது என்று நம்புவது மட்டும்தான் அவருடைய வருத்தம். மருந்து இல்லாத வருத்தம்.

3. சாப்பிடும் கலக்சிகள்

ஒரு நாள் காலையில் நான் குடையை மடிக்கும் முன்னரே கூப்பிட்டார்.

"செலின் அக்கா, ஓடி வாங்கோ. இதைப் பாருங்கோ."

பார்த்தேன். புதிதாக அளந்த கலக்சிகள். ஒன்றன்கீழ் ஒன்றாக அவற்றின் கோடுகள்.

"பள்ளம் சிவப்புப் பக்கத்தில நிக்குது. விளங்குதோ? வாயு உள்ள விழுது. ஒண்டில இல்லை, எல்லாத்திலயும். கலக்சி எல்லாம் சாப்பிடுது அக்கா."

"எல்லாம் ஒரே நேரத்திலயா? கல்யாண வீட்டுப் பந்தியா டொக்டர்?"

"பகிடி விடாதேங்கோ. உள்ள விழுற வாயுவைக் காணுறது எவ்வளவு அரிது எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா சிவப்பு மேடு தானே உயரமா நிக்குது. அப்ப வாயு வெளிய வீசுது. உள்ள விழுந்தா நீலம்தானே உயரணும்?"

"அதுக்குத்தானே உங்கட மொடல் இருக்கு. விளக்கட்டும்."

மொடல் விளக்கவில்லை. எப்படி விளக்கும்? மேடு "வெளியே" என்கிறது, பள்ளம் "உள்ளே" என்கிறது. புரோகிராம் ஒரு நாள் முழுக்க ஓடி, மனிதனாய்ப் பிறந்தவன் நம்பமுடியாத விடைகளைத் தந்தது. ஒரு கலக்சிக்கு வாயு ஒரே நேரத்தில் கொதிக்கவும் உறையவும் வேண்டியிருந்தது. தூசியைக் கூட்டச் சொன்னார், கூட்டினேன். வெப்பத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டினேன். கோடுகள் பொருந்தவில்லை.

வெள்ளிக்கிழமைச் செமினாரில் எல்லோருக்கும் முன்னால் தீர்ப்புச் சொன்னார்.

"மொடல் பொருந்தேல்லை எண்டா என்ன அர்த்தம்? வானத்தில இருந்து வந்தது பிழைக்குமோ? கொழும்பில எழுதினதுதான் பிழைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். வசனம் நல்லாய்த்தான் இருந்தது. சிரித்து முடித்தபின் பார்த்தால் குற்றவாளிக் கூண்டில் என் புரோகிராம் நின்றது. தர்ஷினியின் ஆய்வேட்டில் பெரிய அத்தியாயம் முழுக்க அந்தப் புரோகிராமின் மேல் கட்டியது. "புரோகிராம் சரிவரும் வரைக்கும் அந்த அத்தியாயத்தை ஒருபக்கம் வையுங்கோ" என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

4. போட்டன் எந்த ஊர்

புரோகிராம் சரியா பிழையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அசையாமல் நிற்கும் வாயுவுக்குள் ஒளியை விட்டால் என்ன வடிவம் வரும் என்பதைக் கணினியே இல்லாமல் தாளில் கணக்குப் போட்டுச் சொல்லலாம். இரண்டு மேடும் சம உயரம். ஒட்டகத்தின் முதுகு போல. என் புரோகிராமை அந்தச் சோதனைக்கு விட்டேன். ஒட்டகம் வந்தது. வாயுவை அடர்த்தியாக்கினேன், மேடுகள் விலகிய ஒட்டகம் வந்தது. கணக்குச் சொன்ன அதே ஒட்டகம். மழைக்காலம் முழுக்க நான் ஒட்டகம் வளர்த்தேன்.

ரமணனிடம் காட்டினால், "அசையாத வாயுவுக்குச் சரி. அசையுற வாயுவுக்கு?" என்பார். அசையும் வாயுவுக்குக் காட்டினால், "தூசிக்கு?" என்பார்.

பின்னேரங்களில் தர்ஷினியும் நானும் வெள்ளவத்தையில் இறங்கி வடை வாங்கித் தின்போம். அவள் வீட்டுக்குப் போவாள், நான் கொட்டாஞ்சேனை பஸ் பிடிப்பேன்.

"அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா மிஸ், படிப்பு எப்ப முடியும் எண்டு."

"என்ன சொன்ன?"

"போட்டன் வெளிய வந்த உடன முடிஞ்சிடும் எண்டு சொன்னன். போட்டன் ஆரடி, எந்த ஊர்ப் பெடியன், ஏன் உள்ள போனவன் எண்டு கேட்டுக்கொண்டு பின்னால வாறா."

நான் வடையோடு இருமினேன். அவள் சிரிக்கவில்லை.

"மிஸ், உண்மையைச் சொல்லுங்கோ. புரோகிராம் பிழையோ?"

"இல்ல."

"அப்ப என்ட அத்தியாயம்?"

சரியான புரோகிராம் ஒன்றை வைத்துக்கொண்டு அவள் பிழையான புரோகிராமின் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

5. ஆணியைக் கழற்றினோம்

ரமணன் ஒரு கல்யாணத்துக்குக் கண்டிக்குப் போனார். அன்றைக்குத்தான் தர்ஷினி கேட்டாள்.

"மிஸ், அவர் தாற எண்களை இறுக்கி வைக்காம விட்டுப் பாத்தா என்ன? கலக்சியின்ட சொந்த வேகத்தையும் புரோகிராமே தெரிவுசெய்யட்டும்."

"கை வைக்க வேணாம் எண்டு சொல்லியிருக்கார் பிள்ளை."

"நாங்க கை வைக்கேல்லைத்தானே. புரோகிராம் தானே வைக்குது."

நல்ல சட்டத்தரணியாய் வந்திருப்பாள். ஆணியைக் கழற்றினோம்.

முதல் கலக்சி பொருந்தியது. அழகாக, கையுறை போட்டது போல் பொருந்தியது. ஆனால் பூச்சியத்தைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் நகர்த்திக்கொண்டது. செக்கனுக்கு எண்பது கிலோமீற்றர் அளவு. சரி, ஒன்று அப்படி இருக்கலாம். இரண்டாவதும் எண்பது அளவு. மூன்றாவதும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கலக்சிகள். தூரம் வேறு, வாயு வேறு, வேகம் வேறு. ஆனால் எல்லாமே ஒரே திசையில், ஒரே அளவு நகர்த்தச் சொல்லிக் கேட்டன. இயற்கை இவ்வளவு ஒற்றுமையாக இருக்காது. இது மனிதக் கை.

எண்பது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த எண்ணைக் கண்டால் மணக்கும். காற்றுக்குள் ஒளி கொஞ்சம் மெதுவாகப் போகும். அதனால் அலைநீளம் துளி குறையும். ஆகவே எங்கள் துறையில் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு அலைநீளம் வழக்கத்தில் உண்டு: காற்றில் இவ்வளவு, வெற்றிடத்தில் இவ்வளவு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் வேகத்தில் எண்பது சொச்சம் கிலோமீற்றர் பிழை வரும்.

தர்ஷினியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"காத்து" என்றாள்.

"காத்துதான்" என்றேன்.

ஒட்சிசனைப் பதிந்த தொலைகாட்டியின் பதிவுகளில் கோடு காற்றுக்கான அலைநீளத்தில் இருந்தது. ரமணன் அதை வெற்றிடத்துக்கான எண்ணோடு ஒப்பிட்டுவிட்டார். பூச்சியம் நீலப் பக்கம் வழுக்கியது. வழுக்கிய பூச்சியத்திலிருந்து பார்த்தால், நீலப் பக்கம் இருந்த பள்ளம் சிவப்புப் பக்கம் நிற்பதாய்த் தெரியும். அவ்வளவுதான். காற்றே இல்லாத இடத்துக் கலக்சிகளுக்குள், நாங்கள் மூச்சுவிடும் இதே காற்றைக் கொண்டுபோய் விட்டிருந்தார் மனிசன். கலக்சிகள் எதையும் சாப்பிடவில்லை. ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தன.

6. சோத்துப் பார்சல்

அவர் திரும்பி வந்த அன்று மதியம், சோத்துப் பார்சலைப் பிரித்து முதல் கவளம் எடுத்த நேரம் பார்த்து முன்னால் போய் நின்றேன். அலுவலகத்தில் எப்போதும் டொக்டர் என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு வாயில் வேறு வந்தது.

"தம்பி."

"தம்பியோ?"

"ஓம். ஒட்சிசன் கோட்டை எந்த எண்ணோட ஒப்பிட்டீங்க, காத்தா வெற்றிடமா?"

"வெற்றிடம்."

"ஸ்பெக்ட்ரம் எதில இருக்கு?"

கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. கவளத்தைப் பார்சலிலேயே வைத்தார். கை கழுவினார். கணினியைத் திறந்து பார்த்தார். பருப்புக் கறி ஆறியது.

"ம்" என்றார்.

"ம் எண்டா?"

"சின்னக் கொன்வேர்ஷன் விஷயம் அக்கா."

"சின்னதா? மழைக்காலம் முழுக்க என்ட புரோகிராமைக் கூண்டில ஏத்தி வச்சிருந்தீங்க."

"இப்ப சரிதானே. மாநாட்டில நான் சொல்லுறன்."

"என்ன சொல்லுவீங்க?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லுறன்."

அன்று பின்னேரமே எல்லா எண்களையும் திருத்தினார். கோடுகள் எல்லாம் பொருந்தின. தர்ஷினி அந்த அத்தியாயத்தை முடித்து ஆய்வேட்டைக் கையளித்தாள். இதற்காக எனக்கு அவர் மேல் கோபமே இல்லை என்று எழுதிவைக்கிறேன். காற்றிலும் வெற்றிடத்திலும் தடுக்கி விழாதவர் இந்தத் தொழிலில் யாரும் கிடையாது.

பிறகு மாநாடு வந்தது. அவர் சொன்னதை முதல் பந்தியில் எழுதிவிட்டேன். பட்டிஸை விழுங்கியதும் தேநீர் மேசையடியில் பிடித்தேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அக்கா, புரோகிராமுக்கு மானம் ரோசம் இருக்கோ? எனக்கு இருக்கு. இத்தனை பேருக்கு முன்னால காத்தில விழுந்தனான் எண்டு சொன்னா சிரிப்பினம்."

"செமினாரில எங்களைப் பாத்துச் சிரிச்சாங்களே."

"அது வேற."

எது வேறு என்று இன்றுவரை விளங்கவில்லை.

7. இல்லாத பிழையைத் திருத்துவது எப்படி

இதோடு முடிந்திருந்தால் நான் கொட்டாஞ்சேனையில் பேசாமல் இருந்திருப்பேன். எனக்கு வயது போய்விட்டது. ஒரு மேடைப் பொய்யால் நான் குறைந்துபோக மாட்டேன். ஆனால் தர்ஷினியின் ஆய்வேட்டைப் பரிசோதித்தவர்களில் ஒருவர் அந்த மாநாட்டில் இருந்திருக்கிறார். நியாயமான மனிதர், நியாயமாகவே கேட்டார். "புரோகிராமில் கோளாறு இருந்ததாகக் கேள்விப்பட்டேன். உங்கள் முடிவுகள் திருத்தத்துக்கு முந்தியவையா, பிந்தியவையா? எந்த இடம் திருத்தப்பட்டது என்பதைப் பின்னிணைப்பில் காட்டுங்கள். அதன்பின் ஏற்றுக்கொள்கிறேன்."

எதைக் காட்டுவது? திருத்தினால்தானே காட்ட. பிழை இருந்தால்தானே திருத்த. புரோகிராம் பிழை என்றிருந்தால் அவள் ஒரு கிழமையில் பட்டம் வாங்கியிருப்பாள். சரியாக இருந்ததால் மாட்டிக்கொண்டாள்.

ரமணனிடம் போனாள். அவர் சொன்ன ஆலோசனையை அவள் என்னிடம் அப்படியே ஒப்புவித்தாள்: "செலின் அக்காவிட்டச் சொல்லி எங்கயாவது ஒரு சின்ன மாற்றம் செய்து, அதைத் திருத்தம் எண்டு போடுங்கோ. ஆரும் பாக்கமாட்டினம்."

அதாவது, சரியான இடத்தில் முதலில் ஒரு பிழையைச் செய்யவேண்டும். பிறகு அதைத் திருத்தவேண்டும். பிறகு திருத்தியதற்கு அத்தாட்சி கொடுக்கவேண்டும். எத்தனையோ தலைவர்களுக்குக் கீழ் வேலை செய்திருக்கிறேன். இவ்வளவு சுற்றிப் போகச் சொன்னவர் யாரும் இல்லை.

"நீ என்ன சொன்ன?" என்று தர்ஷினியைக் கேட்டேன்.

"மாட்டன் எண்டு சொன்னன் மிஸ். சொல்லிப்போட்டு நேரா உங்களிட்ட வந்தனான்."

இந்தத் துறைக்கு வர இருக்கும் பிள்ளைகளே, நான் படித்துக்கொண்டது இவ்வளவுதான். மொடல் பொருந்தாவிட்டால் அதைத் திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் திட்டுவதற்கு முன் ஒருதடவையாவது இறுக்கிவைத்த எல்லாவற்றையும் தளர்த்தி ஓடவிடுங்கள். பெரியவர் இறுக்கிய ஆணியை முதலில் தளர்த்துங்கள். "கை வைக்காதே" என்று யார் சொன்னாலும் காற்றா வெற்றிடமா என்று கேளுங்கள். பிழைவிட வெட்கப்படாதீர்கள். விட்ட பிழையை வாயில்லாத ஒன்றின் தலையில் கட்டினால், அது அங்கே நிற்காது. கீழே யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில் இறங்கும்.

கலாநிதி ரமணன், இந்தச் சஞ்சிகை உங்கள் மேசைக்கும் வரும். என் புரோகிராமில் எந்த வரி பிழையாக இருந்தது? வரியின் இலக்கத்தை இதே பக்கங்களில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். அப்படியொரு வரி இல்லையென்றால், "இல்லை" என்ற ஒரு சொல்லை எழுதுங்கள். எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுக்கவேண்டாம், எடுக்கமாட்டேன். தர்ஷினி பின்னிணைப்புக்கு ஒரு வெறும் பக்கம் விட்டுவைத்திருக்கிறாள். அதில் ஒட்டுவதற்கு உங்கள் அச்சிட்ட பதில்தான் வேண்டும்.